அன்புச்செல்வியின் ஆறு வரி வசனம்

"பயமே வர்ல மே," என்றான் அம்மாசி, மூன்றாவது இட்லியைச் சாம்பாரில் முக்கியபடி.

அன்புச்செல்வி செல்போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து மறுபடியும் படித்தாள். இந்த முறை கண்ணை அகல விரித்துக்கொண்டாள். பின்னலை அவிழ்த்து முடியை முன்னால் போட்டுக்கொண்டாள்.

"நீங்கள் மேலே போகிறீர்கள்."

அம்மாசி மென்றுகொண்டே யோசித்தான்.

"ஊஹூம். செத்துப் போறேன்னு சொல்ற மாதிரி இல்ல. ஆடித் தள்ளுபடிக்குக் கூப்புடற மாதிரி கீது."

குற்றம் அவளுடையது அல்ல. தி.நகர் முத்தழகி சில்க்ஸில் இருபத்திரண்டு வருடங்களாக அவள்தான் அறிவிப்பாளர். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் அவள் பேசும் தமிழ் வேறு. கடையில் மைக் பொத்தானை அமுக்கிவிட்டால் வாயிலிருந்து வருகிற தமிழ் வேறு. "வாடிக்கையாளர்களின் அன்பான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால், வேட்டி வாங்க வந்தவர் கூட மாடியேறிப் போய்ப் பட்டுப்புடவை பார்ப்பார். தொலைந்துபோன குழந்தைகள் அவள் குரலைக் கேட்டதும் அழுகையை நிறுத்திவிடும்.

ஆனால் அந்தக் குரலுக்கு ஒரு முகம் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. மூன்றாம் தளத்தில், ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்துதான் அவள் பேசுவாள். புதிதாக வேலைக்குச் சேருகிற பெண்கள், "யக்கா, அது டேப்புதானே?" என்று அவளிடமே கேட்பார்கள்.

போன வாரம்தான் சரண்யா அந்த அறையைத் தேடிக்கொண்டு வந்தாள். அக்கா கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்த பெண். இருபத்தாறு வயது இருக்கும். அசோக் நகரில் நாலைந்து பேராகச் சேர்ந்து செல்போன் கேம் செய்கிறார்களாம்.

"மேடம், இந்தக் குரலைத்தான் ஆறு மாசமா தேடிட்டு இருக்கேன்," என்றாள் மூச்சு வாங்க. "எங்க கேம்ல துப்பாக்கி இல்லை, சண்டை இல்லை. முழுக்கக் கதைதான். மழை பெய்யுது, ஆளே இல்லாத பழைய ஆஸ்பத்திரி. ஒரு பொண்ணு கையில டார்ச்சோட தங்கச்சியைத் தேடிட்டுப் போறா. ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் அவ கூடவே வர்றது ஒரே ஒரு குரல்தான். அது உங்க குரலா இருக்கணும்."

"நான் யாரும்மா அதுல?"

சரண்யா வாயைத் திறப்பதற்குள் அவள் போன் அடித்தது. கீழே அவள் அப்பா நாலு பைகளோடு காத்திருந்தார்.

"வசனம் அனுப்பறேன் மேடம். மொத்தம் ஆறே வரி. நீங்க எப்பவும் பேசற மாதிரியே பேசுங்க, போதும். கேம் முடிஞ்சதும் திரையில 'குரல்: அன்புச்செல்வி'ன்னு பேர் வரும்." ஓடிவிட்டாள்.

அந்தக் கடைசி வாக்கியம் அன்புச்செல்வியின் மனத்தில் அன்று முழுவதும் ஓடிக்கொண்டே இருந்தது.

வசனம் வந்தது. கூடவே அரை நிமிஷ வீடியோ ஒன்றும் வந்தது. கணவனும் மனைவியும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். மழை. மூடுபனி. நீளமான வராந்தா. எங்கோ ஒரு சக்கர நாற்காலி தானாக உருண்டது. அம்மாசி தன் காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டான்.

"இதுல யாரைச் சுடணும்?"

"சுடறது இல்லியாம். சும்மா நடந்துக்கினே இருக்கணுமாம்."

"நடக்கறதுக்கு எதுக்கு மே போனு? பீச்சுக்குப் போனா போதாதா?"

"வசனத்தைக் கேளுய்யா. 'கதவருகே நிற்காதீர்கள்.' 'பாரம் அதிகமாகிவிட்டது. ஒருவர் வெளியேற வேண்டும்.' நான் யாருன்னு ஒண்ணியும் புரில."

அம்மாசி ஆட்டோ ஓட்டுகிறவன். நாள் முழுக்க ஊரார் கதையைக் கேட்கிறவன். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது.

"ஆளே இல்லாத ஆஸ்பத்திரில யாரு பேசுவா? பேயிதான். நீ ஒரு நர்ஸு. டாக்டர் ஒருத்தன் உன்னக் கட்டிக்கிறேன்னு சொல்லி ஏமாத்திட்டான்."

"எந்த டாக்டரு?"

"எவனோ ஒருத்தன், பேரா முக்கியம்? நீ அந்த ஆஸ்பத்திரிலியே உயிர விட்டுட்ட. 'பாரம் அதிகமாகிவிட்டது'ன்னா இன்னா அர்த்தம்? நெஞ்சுல பாரம்! 'நீங்கள் மேலே போகிறீர்கள்'னா? உள்ள வர்றவன அனுப்பி வைக்கிற!"

அன்புச்செல்விக்கு மயிர்க்கூச்செறிந்தது. இருபத்திரண்டு வருடங்களாகத் தள்ளுபடி சொன்ன வாயால் ஒரு பேயாக நடிக்கப்போகிறாள். அதுவும் காதலில் ஏமாந்த பேய்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை முழுக்கப் பேசிப் பார்த்தும் பேய் வரவில்லை. தள்ளுபடிதான் வந்தது.

"பாத்ரூம்ல போய் பேசிப் பாரு. அங்க கொரலு எதிரொலிக்கும்," என்றான் அம்மாசி.

எதிரொலித்தது. அன்புச்செல்விக்கே தன் குரல் புதிதாக இருந்தது. மூச்சை அடிவயிற்றிலிருந்து இழுத்து, ஒவ்வொரு சொல்லையும் ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கிப் பேசினாள்.

"பாரம்... அதிகமாகி... விட்டது... ஒருவர்... வெளியேற... வேண்டும்..."

திருப்தியாக முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தால், பத்து நிமிஷத்தில் கதவு இடிபட்டது. பக்கத்து வீட்டு அஸ்மத்துன்னிசா. இரண்டு வீட்டுக் குளியலறைக்கும் நடுவில் ஒரே சுவர். மேலே காற்றுப் போக ஒரே சந்து.

"அன்பு, உங்கூட்டு பாத்ரூம்ல யாரு பேசினது?"

"நான்தான்க்கா. ஏன்?"

"போச்சு போ! எங்க நாத்தனார் சாய்மா வந்து பத்து நாளு ஆவுது. இப்போ குளிச்சிக்கினு இருந்தா. சொவத்துலேருந்து 'ஒருவர் வெளியேற வேண்டும்'னு சத்தம். தலையில கீற ஷாம்பூவோட வெளிய வந்து நிக்கிறா!"

"ஐயோ, பயந்துட்டாங்களா?"

"பயந்திருந்தா பரவால்லையே! நான்தான் உன்ன ஏவிவிட்டு அவளப் போகச் சொல்றேன்னு நெனச்சிக்கினா. பெட்டியக் கட்டிட்டா. என் வீட்டுக்காரரு என்கிட்ட பேச மாட்டேன்றாரு."

அன்புச்செல்வி ஈர முகத்தோடு ஓடினாள். சாய்மாவிடம் கேமைப் பற்றி விளக்கினாள். சாய்மா நம்பவில்லை. நம்ப வைப்பதற்காக இன்னொரு வரியைப் பேசிக் காட்டினாள்.

"கதவருகே... நிற்காதீர்கள்..."

சாய்மா அப்போது பெட்டியோடு கதவருகேதான் நின்றிருந்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். அஸ்மத்துன்னிசா அன்புச்செல்வியைப் பார்த்த பார்வையில், வருஷக்கணக்காக ரம்ஜானுக்கு வந்துகொண்டிருந்த பிரியாணி இனி வராது என்பது தெளிவாக எழுதியிருந்தது.

இனி வீட்டில் பேசிப் பார்க்க முடியாது. ஒலிப்பதிவோ வியாழக்கிழமை. இருப்பது ஒரே இடம்தான்.

கடையில் அவளுடைய அறை ஜன்னலே இல்லாதது. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காது. மைக்கை மட்டும் அணைத்து வைத்தால் போதும். அதற்கு ஒரு பொத்தான் உண்டு. ஒரு தடவை அமுக்கினால் மைக் வேலை செய்யும், மறுதடவை அமுக்கினால் அணையும். மைக் வேலை செய்யும்போது ஒரு சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அந்த விளக்கு போன மாதமே போய்விட்டது. இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் அவளுக்கு விளக்கு தேவைப்பட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம், யாரோ விட்டுப்போன குடையைப் பற்றி அறிவித்துவிட்டுப் பொத்தானை அமுக்கினாள். கை ஞாபகத்தில் ஒரு தடவை. மனம் ஆஸ்பத்திரியில் இருந்ததால் சந்தேகத்துக்கு இன்னொரு தடவை.

பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். மழையை நினைத்தாள். அந்தப் பாழாய்ப்போன டாக்டரை நினைத்தாள்.

"நீங்கள்... மேலே... போகிறீர்கள்..."

இரண்டாம் தளத்தில் முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு குடும்பமே வந்திருந்தது; இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாலு பேர். பெண்ணின் பெரியப்பாவுக்கு எண்பது வயது. கூரையிலிருந்து வந்த குரலைக் கேட்டதும் அவர் கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"பாரம்... அதிகமாகி... விட்டது... ஒருவர்... வெளியேற... வேண்டும்..."

மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் அம்மாவைப் பார்த்தாள். பெண்ணின் அம்மா மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தாள். "நீங்க ஏன் என்னையே பாக்கறீங்க?" என்று இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கேட்டார்கள்.

சாத்திய கதவையும் மீறி அன்புச்செல்விக்கு வெளியே ஏதோ இரைச்சல் லேசாகக் கேட்டது. கூட்டம் நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கடைசி வரியைத்தான் அவள் மிகவும் ரசித்துச் செய்தாள். அதில் ஒரு பொய்யான பரிவு இருந்தது.

"பதற... வேண்டாம்... உதவி... வந்துகொண்டிருக்கிறது..."

அவ்வளவுதான். கடையில் தீப்பிடித்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள். நாலு தளத்து ஜனமும் படிக்கட்டுக்குப் பாய்ந்தது. பாயில் உட்கார்ந்து புடவை பார்த்தவர்கள் செருப்பைத் தேடக்கூட நிற்கவில்லை.

கதவு திறந்தது. மேலாளர் வேதாந்தம் வியர்த்து நின்றார். "அன்பு! மைக்கு! மைக்கு!"

அன்புச்செல்விக்கு ஒரு கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. உடனே சரிசெய்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். மைக்கை இழுத்துப் பிடித்தாள். ஆனால் மூன்று நாளாக முறுக்கி முறுக்கிப் பேசிய தொண்டை, அவசரத்தில் பழைய நிலைக்குத் திரும்ப மறுத்தது.

"வாடிக்கையாளர்கள்... யாரும்... பயப்பட... வேண்டாம்... நான்... இங்கேதான்... இருக்கிறேன்..."

அதுவரை ஓடாமல் பில் போட்டுக்கொண்டிருந்தவர்களும் ஓடினார்கள்.

முதலாளி அய்யாதுரை அண்ணாச்சி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திருநெல்வேலியிலிருந்து வந்து கடை போட்டவர். சாதாரணமாகக் குரலை உயர்த்தாத மனிதர். அன்றும் உயர்த்தவில்லை.

"ஏம்மா அன்பு, ஒனக்கு என்னம்மா ஆச்சு? கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வந்தவ்வோ செருப்பக்கூட போடாம ஓடுதாவ. அந்தப் பெரியவருக்கு நான் கையால வெசிறி வீசிக்கிட்டு நிக்கேன்."

"அண்ணாச்சி, அது ஒரு செல்போன் கேமுக்காக..."

"கேமா? கடையில ஒக்காந்து வெளயாடுதியா?"

"வெளையாடல அண்ணாச்சி. பேயா பேசிப் பாத்தேன்."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிம்மா. நாளையிலேருந்து மைக்கு பக்கம் போவாத. கம்ப்யூட்டர் கொரலு ஒண்ணு இருக்குன்னு மருமவன் ரொம்ப நாளா சொல்லுதான். அதப் போட்டுக்கிடுதேன். நீ கீழ பை வாங்கி வைக்கிற எடத்துல நில்லு."

புதன்கிழமை முழுக்க அன்புச்செல்வி வாசலருகே நின்று, வருகிறவர்களின் பையை வாங்கி வைத்து டோக்கன் கொடுத்தாள். தலைக்கு மேலே கம்ப்யூட்டர் குரல், 'பட்டுப்பாவாடை'யை நாலு துண்டாக உடைத்துச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு அம்மாள் டோக்கனை வாங்கிக்கொண்டே, "முன்னாடி ஒரு டேப்பு போடுவாங்களே, அது நல்லா இருக்கும்," என்றாள்.

"ஆமாம்மா, நல்லாருக்கும்," என்றாள் அன்புச்செல்வி. அடுத்தவரின் பையை வாங்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமைக் காலை அம்மாசி அவளைத் தன் ஆட்டோவிலேயே அசோக் நகருக்குக் கூட்டிப்போனான். வழக்கமாக சைதாப்பேட்டைப் பாலத்திலிருந்து யாரையாவது திட்டிக்கொண்டே ஓட்டுகிறவன், அன்று ஒருவரையும் திட்டவில்லை.

"என்னாலதான் மே எல்லாம்," என்றான், வண்டியை நிறுத்திவிட்டு.

"உன்னால இன்னாய்யா? மைக்க ரெண்டு தபா அமுக்குனது நான்தான்." அவள் இறங்கிப் புடவையைச் சரிசெய்துகொண்டாள். "இருக்கறது இந்த ஆறு வரிதான். இதையாவது ஒழுங்கா சொல்லிட்டு வந்துடறேன்."

சரண்யா ஏதோ வேலையில் உள்ளே இருந்தாள். ஒலிப்பதிவு செய்கிற வலியுல்லாதான் வரவேற்றார். நரைத்த தாடி, கழுத்தில் பெரிய ஹெட்போன், அளந்து பேசுகிற மனிதர். ஸ்பாஞ்சு ஒட்டிய அறைக்குள் அவளை நிற்க வைத்து, தண்ணீர் கொடுத்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். அம்மாசி அவருக்குப் பின்னால் ஒரு ஓரமாக நின்றுகொண்டான்.

"சாதாரணமா பேசுங்க மேடம்," என்றார்.

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டாள் அன்புச்செல்வி. கண்ணை மூடினாள்.

இந்த முறை டாக்டர் ஞாபகத்துக்கு வரவில்லை. ஜன்னல் இல்லாத அந்தச் சின்ன அறை வந்தது. டோக்கன் வந்தது. டேப்பு வந்தது.

"வணக்கம்... உள்ளே வாருங்கள்..."

ஒலியளவைத் திருகிக்கொண்டிருந்த வலியுல்லாவின் கை, குமிழ் மேல் அப்படியே நின்றது.

"நீங்கள்... கீழே... போகிறீர்கள்..."

பக்கத்து அறையில் படம் வரைந்துகொண்டிருந்த பெண் லேப்டாப்பை மூடிவிட்டு, வெளிச்சமாக இருந்த பால்கனிக்குப் போய்விட்டாள்.

"பாரம் அதிகமாகிவிட்டது" என்று சொன்னபோது அன்புச்செல்வியின் குரல் உண்மையாகவே உடைந்தது. "ஒருவர் வெளியேற வேண்டும்" என்றபோது அம்மாசி கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆறாவது வரி முடிந்தது. வலியுல்லா எழுந்து போய் ஏசியை அணைத்தார்.

அவள் வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்போது போன் அடித்தது. அண்ணாச்சி.

"ஏம்மா அன்பு, எங்கம்மா இருக்க? ஒடனே பொறப்பட்டு வா. அந்தக் கம்ப்யூட்டரு மானத்த வாங்கிட்டும்மா!"

"இன்னா அண்ணாச்சி ஆச்சு?"

"ஒரு கொழந்தய காணல. எழுதிக் குடுத்தோம். அது என்ன சொல்லுது தெரியுமா? 'நீல நிற கவுன் அணிந்த மூன்று வயதுக் குழந்தை தரைத்தளத்தில் கிடைக்கும், இருப்பு உள்ளவரை மட்டும்'ங்குது! கொழந்தயப் பெத்தவ என் சட்டயப் பிடிச்சிட்டா."

"கொழந்தை கெடச்சுதா?"

"கெடச்சிட்டு. ஆனா ஜனம்லாம், அந்தப் பழைய அம்மா கொரலு எங்கன்னு கேக்காவ. அந்தப் பெரியவர் வீட்டுக்காரங்க கூட வந்திருக்காவ. செருப்பு எடுக்க வந்தவ்வோ பட்டும் எடுத்துட்டாவ. நீ வந்துரும்மா."

அன்புச்செல்வி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வர்றேன் அண்ணாச்சி. ஆனா இனிமே ஒவ்வொரு தபாவும் கடைசில 'அறிவிப்பது அன்புச்செல்வி'ன்னு சொல்லுவேன்."

அந்தப் பக்கம் அண்ணாச்சி சிரித்துவிட்டார்.

"அவ்வளவுதானம்மா? இத இருவது வருசம் முன்னாடியே கேட்டிருக்கலாம்லா?"

போனை வைத்தபோது அவள் முகத்தைப் பார்த்து அம்மாசிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "ஷோக்கா கேட்ட மே!" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

இதற்குள் சரண்யா வந்துவிட்டாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். முதல் வரியில் புருவம் சுருங்கியது. இரண்டாவது வரியில் வாய் திறந்தது. ஐந்தாவது வரியில் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அன்புச்செல்வியின் இரண்டு கையையும் பற்றிக்கொண்டாள்.

"மேடம்! இது... நான் எதிர்பார்த்ததே வேற மேடம்! ஐயோ, இது எனக்குத் தோணவே இல்லையே! வலியண்ணா, இதுல ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க. கதையையே மாத்திடறேன்!" என்று கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள். "எல்லாரும் வாங்க! நாலாவது அத்தியாயம் மொத்தமும் திரும்ப எழுதப்போறோம்!"

அன்புச்செல்விக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் நல்ல சேதி என்பது மட்டும் தெரிந்தது. வெட்கத்தோடு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

அம்மாசி பெருமை தாங்காமல் வலியுல்லாவின் பக்கம் குனிந்தான்.

"இன்னா சார், எப்டி நம்ம நர்ஸம்மா பேயி? அந்த டாக்டருக்கு நல்லா வேணும்ல?"

வலியுல்லா ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டுக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த டாக்டருங்க? எங்க கேம்ல பேயே கிடையாது. இவங்க பேசினது ஆஸ்பத்திரி லிஃப்ட்டு."